நாம்பன் போல் கத்திய சிவலை

மகன்,

முதலில் உனக்கு என் ஸலாம், மற்றதெல்லாம் பிறகு. வருகிற வெள்ளிக்கிழமை உன் நிக்காஹ். அதற்குப் பிறகு நம் பக்கத்து வழக்கப்படி நீ இந்த நிந்தவூர் வீட்டை விட்டு, இறக்காமத்தில் மருமகளுக்கென்று அவள் வாப்பா கட்டிய வீட்டுக்குப் போய்விடுவாய். நீ இப்போது முன்னறையில் இருந்து கலியாணத்துக்குப் போனில் ஆள் சொல்லிக் கதைத்துக்கொண்டிருக்கிறாய், உன் குரல் கேட்கக் கேட்க நான் குசினியில் இருந்து இதை எழுதுகிறேன். எழுந்து வந்து நேரே சொல்லலாம்தான். ஆனால் ஓர் உம்மா மகனோடு கதைக்காத விசயம் இது. கதைக்கத் தொடங்கினால் நீ போனைப் பார்ப்பாய், நான் அடுப்பைப் பார்ப்பேன், விசயம் நடுவில் நின்றுவிடும். பயப்படாதே, முதலில் ஒரு மாட்டைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

சிவலையை உனக்குத் தெரியும். நீ கத்தாருக்குப் போகும்போது அவள் முதல் கன்றோடு நின்றாள். நீ அங்கே இருந்த காலத்தில் இரண்டாவது கன்றையும் போட்டாள், நல்ல பால். அந்தக் கன்று மேயத் தொடங்கிய பிறகுதான் அவள் குணம் மாறியது. ஒருநாள் காலையில் கொட்டிலுக்குப் போனேன், உள்ளே நாம்பன் மாடு நின்று உறுமுவது போல் சத்தம். யாருடைய காளையோ கயிறு அறுத்துக்கொண்டு வந்துவிட்டது என்று தடியோடு போய்ப் பார்த்தால், நம் சிவலை. தலையைக் குனிந்து, முன்காலால் மண்ணைப் பறித்து முதுகில் வாரி எறிகிறாள். மற்றப் பசுக்களை அவிழ்த்துவிட்டால், காளை ஏறுவது போல் அவற்றின் மேல் ஏறுகிறாள். பால் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. சினைப்படுத்த ஊசி போட்டும் பிடிக்கவில்லை. ஆகப் பெரிய அதிசயம் அவளுடைய கழுத்து. பசுவின் கழுத்து ஒடுங்கி இருக்குமே, அவளுடையது தடித்து, மேலே சதை திரண்டு, தூரத்தில் இருந்து பார்ப்பவர்கள் "உங்கட நாம்பன் நல்லா வளந்திரிக்கி" என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

ஊரில் ஆளுக்கொரு கதை. ஒருவர் கண்ணூறு என்றார். இன்னொருவர் ஜின் ஏறியிருக்கிறது, ஓதி ஒரு இசிம் தாயத்துக் கட்டு என்றார். இறைச்சிக்கடை காசிம் காக்கா மட்டும் வேலிக்கு வெளியே நின்று, கண்ணாலேயே அவளை நிறுத்துப் பார்த்துவிட்டு, "பால் இல்ல, கன்றும் இல்ல. வைச்சிரிந்து என்ன செய்யப் போறீங்க? எனக்குத் தாங்க" என்று உன் வாப்பாவிடம் கேட்டார். வாப்பாவும் சரி என்றுதான் சொன்னார். அவரில் குற்றமில்லை. வேளாண்மை செய்கிற மனிதன், தீனி தின்கிற மாடு ஏதாவது தர வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் எனக்கு மனது ஒப்பவில்லை. அவள் மேல் இரக்கம் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. இரக்கத்தை விட எனக்கு ஆசைதான் கூட, அவளுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை. ஒரு பெண் மாடு எப்படி ஆண் மாடாக மாறும்? வெட்டிவிட்டால் இறைச்சி கிடைக்கும், பதில் கிடைக்காது. "பெருநாள் மட்டும் பொறுங்க, டொக்டரிட்ட ஒருக்காக் காட்டுவம்" என்றேன். வாப்பா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு "சரி புள்ள, காட்டு" என்றார்.

மிருக வைத்திய அலுவலகத்துக்கு அப்போது புதிதாக வந்திருந்தவர் ஒரு பொம்பளை டொக்டர். பெரியநீலாவணைக்காரி, மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை. கறுத்து மெலிந்த உருவம், எப்போதும் முழங்கால் மட்டும் வரும் றப்பர் சப்பாத்து. ஸ்கூட்டியை வேலியோரம் நிற்பாட்டிவிட்டு வந்தவள், சிவலையைச் சுற்றி ஒரு முறை நடந்து, கழுத்தைத் தடவினாள். தோள்மூட்டு வரைக்கும் வருகிற நீளமான பொலித்தீன் கையுறையைப் போட்டு, சவர்க்காரத் தண்ணீர் தடவி, மாட்டின் பின்பக்கத்தால் கையை உள்ளே விட்டாள். சாணியை வாரி வெளியே போட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். நான் பயந்து, "என்ன டொக்டர், தலை சுத்துதா?" என்று கேட்டேன். "இல்ல அக்கா, கண்ணை மூடினாத்தான் கைக்கு வடிவாத் தெரியும்" என்று சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் முகம் மாறியது. "இஞ்ச இருக்கு" என்றாள்.

வாப்பா அதற்குள் வேலிப் படலையடியில் போய் நின்றுவிட்டார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஆனாலும் வீதியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் டொக்டரிடம் கேட்டேன்: "நானும் ஒருக்கா கை வைச்சுப் பாக்கலாமா?" அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வீட்டுக்குப் போனவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை போலும். பையில் இருந்து இன்னொரு கையுறை எடுத்துத் தந்தாள். மகன், உன் உம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு மாட்டுக்குள் கை விட்டாள் என்பதை நீ யாரிடமும் சொல்ல வேண்டாம். உள்ளே நல்ல சூடு. மாடு முக்கும்போது கையைப் பிடித்து முறுக்குவது போல் இருக்கும். டொக்டர் பக்கத்தில் நின்று, "கீழ தடவுங்க, மெத்தெண்டு ஒரு குழாய் மாதிரி இருக்கும், அதுதான் கருப்பை. இப்ப இடப்பக்கம் போங்க, கச்சான் கொட்டை மாதிரிச் சின்னதா ஒண்டு தட்டுப்படுதா? அது ஒரு சூலகம். முட்டை உண்டாகிற இடம். இப்ப வலப்பக்கம்" என்றாள். வலப்பக்கம் போனதும் என் கை நின்றுவிட்டது. சின்ன இளநீர் அளவில் உருண்டையாக, வழுவழுவென்று, பாரத்தில் கீழே இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு கட்டி. "ரெண்டும் ஒரே அளவில இருக்க வேணும் அக்கா. இது பெரிசா வளந்து, மற்றதை உறங்கப் பண்ணிட்டுது" என்றாள்.

கையைக் கழுவிக்கொண்டே அவள் விளக்கம் சொன்னாள். இந்தக் கட்டி சும்மா சதை இல்லையாம். அது தானாகவே ஓமோன் சுரக்குமாம். சில கட்டி பெண் ஓமோனைச் சுரக்கும், சிலது ஆண் ஓமோனை. சிவலையின் கட்டி ஆண் ஓமோனைச் சுரந்து இரத்தத்தில் கலக்கிறது, அதனால்தான் உறுமல், அதனால்தான் கழுத்து. ஆப்ரேசன் பண்ணி அதை எடுத்துவிட்டால் மாறிவிடுமாம். "அப்ப ஜின் இல்லியா?" என்று கேட்டேன். "ஜின்னைப் பற்றி எனக்குத் தெரியாது. இதை என்ட கையால பிடிச்சன்" என்றாள். எனக்கு அந்தப் பதில் நல்லாகப் பிடித்துக்கொண்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்ததைக் கையால் பிடித்த ஒரு பெண்.

அதற்குப் பிறகு நான் அவளை லேசில் போக விடவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து உட்கார்த்திவைத்துக் கேட்டேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம் வீட்டில் ஒரு பேட்டுக்கோழி திடீரென்று சேவல் மாதிரிக் கூவியது உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. வீட்டுக்கு ஆகாது என்று அன்றைக்கே அறுத்தோம். உரித்துத் துப்பரவாக்கும்போது வயிற்றுக்குள் திராட்சைக் குலை மாதிரி ஒன்று இருந்தது. என்னவென்று ஒரு நிமிசம் பார்த்தேன், பிறகு பூனைக்கு எறிந்துவிட்டேன். அதைச் சொன்னதும் டொக்டர் கண் விரிய நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோழிக்கு இடப்பக்கத்துச் சூலகம் ஒன்றுதான் வேலை செய்யுமாம். அதில் கட்டி வந்து கெட்டுப்போனால், வலப்பக்கம் உறங்கிக் கிடக்கிற துண்டு வளர்ந்து ஆண் உறுப்புப் போல ஆகிவிடலாமாம். பிறகு கொண்டை பெருக்கும், கூவும். "நீங்க அதை எறியாம இருந்திருந்தா நான் வாங்கிக்கொண்டு போயிருப்பன்" என்றாள். வாப்பாவின் பட்டியில் நாம்பனோடு இரட்டையாகப் பிறந்த ஒரு பெட்டை நாகு கடைசிவரைக்கும் சினைப்படாமல் போனதற்கும் அவளிடம் காரணம் இருந்தது. தாயின் வயிற்றிலேயே இரண்டின் இரத்தமும் கலந்து, நாம்பனின் ஓமோன் நாகுவின் கருப்பையை வளர விடாமல் பண்ணிவிடுமாம். தெருநாய்களுக்கு மறைவிடத்தில் வருகிற கட்டியைப் பற்றி அவள் சொன்னதுதான் ஆகப் பெரிய அதிசயம். நாயும் நாயும் சேரும்போது அந்தக் கட்டி ஒன்றிலிருந்து மற்றதில் ஒட்டி வளருமாம். அது அந்த நாயின் சொந்தச் சதையே இல்லையாம். எந்தக் காலத்திலேயோ செத்துப்போன ஏதோ ஒரு நாயின் சதை, நாய் மாறி நாய் மாறி இன்றைக்கும் உயிரோடு திரிகிறதாம். நான் ஸுப்ஹானல்லாஹ் என்றேன். வேறென்ன சொல்வது?

இப்போது நான் எழுதத் தயங்குகிற இடத்துக்கு வந்துவிட்டேன். கேட்டுக் கேட்டுக் கடைசியில் நான் ஒன்று கேட்டேன்: "டொக்டர், இப்பிடிக் கட்டியள் பொம்பளைகளுக்கும் வருமா?" "வரும் அக்கா. மாட்டுக்கு வாற கட்டிக்கும் பொம்பளைக்கு வாற கட்டிக்கும் பேர் கூட ஒண்டுதான்" என்றவள், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் கேக்கிறீங்க?" என்றாள். வாப்பா இன்னும் படலையடியில்தான் நின்றார். எனக்கு மாதத் தீட்டு நின்று எத்தனையோ காலம். அப்படி நின்ற இரத்தம் கொஞ்ச நாளாகத் திரும்ப வரத் தொடங்கியிருந்தது. சில நாள் சொட்டு, சில நாள் கூட. வாப்பாவிடம் சொல்லவில்லை, உன் தங்கச்சியிடமும் சொல்லவில்லை. என்னிடமே நான் சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். எனக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் ஒரு மாட்டின் வயிற்றை அவ்வளவு ஆசையோடு தடவிப் பார்த்தேனே, அதன் பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "நான் மாட்டு டொக்டர், உங்களுக்கு மருந்து சொல்ல ஏலாது. ஆனா நிண்டுபோன இரத்தம் திரும்ப வந்தா அதை ஒருநாளும் சும்மா விடக்கூடாது எண்டு எனக்குத் தெரியும். நாளைக்கே கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள். "சிவலைட ஆப்ரேசன் முடியட்டும், மறுகா போறன்" என்றேன். அவள் எழுந்து சப்பாத்து மண்ணைத் தட்டினாள். "இல்ல. நீங்க போய்க் காட்டிற்று வாங்க, அதுக்குப் பிறகுதான் நான் உங்கட மாட்டை வெட்டுவன். காட்டாட்டி காசிம் காக்காக்கே குடுங்க." சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது, மகன். என் மாட்டைப் பணயமாகப் பிடித்துக்கொண்டு போகிறாளே என்று.

அன்று பின்னேரம் வாப்பா புல்லுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு வியர்வை துடைத்துக்கொண்டு நின்றபோது சொன்னேன். மாட்டைப் பற்றிச் சொல்வது போலத் தொடங்கி, என்னைப் பற்றி முடித்தேன். அவர் துவாயைப் பிடித்தபடியே நின்றார். "எவ்வளவு காலமா?" என்று கேட்டார். சொன்னேன். "ஏன் புள்ள எனக்குச் சொல்லல்ல?" "இதையெல்லாம் எப்பிடிச் சொல்ற?" "மாட்டு டொக்டருக்குச் சொல்லத் தெரிஞ்சிரிக்கி." இத்தனை வருசம் ஒரு கூரைக்குக் கீழே இருந்த எங்கள் இருவருக்கும் இடையில் இப்படி ஒரு பேச்சு நடந்ததே கிடையாது. தீட்டு என்றால் நான் தொழாமல் இருப்பேன், அவர் ஏனென்று கேட்க மாட்டார், அவ்வளவுதான். அடுத்த நாள் விடிந்ததும் வயலுக்கு ஆள் அனுப்பிவிட்டு, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். கல்முனை ஆஸ்பத்திரியில் பொம்பளைகள் நிற்கிற வரிசையில் அவர் ஒருவர்தான் ஆம்பிளை. உள்ளே டொக்டரிடம் நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "எங்கட பசு ஒண்டுக்கு வலப்பக்கம் கட்டி. இவக்கும் அப்பிடி ஏதும் இரிக்கா எண்டு பாருங்க." டொக்டர் பேனையை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

சதைத் துண்டு எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வருமுன் சிவலையின் ஆப்ரேசன் வந்தது. டொக்டர் பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், கூடவே படித்த இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கொட்டிலுக்கு முன்னால் சீலை கட்டி மறைத்து, சிவலையை நிற்கவைத்தபடியே வயிற்றின் பக்கத்தில் மயிர் வழித்து, விறைப்பு ஊசி போட்டு வெட்டினார்கள். நம்பினால் நம்பு, வயிற்றைத் திறந்து கை விட்டிருக்கிறார்கள், அவள் அசை போட்டுக்கொண்டு நிற்கிறாள். நான் தலைக்கயிறைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தேன். கட்டியைக் கட்டி அறுத்து வெளியே எடுத்து, தாம்பாளத்தில் வைத்து நடுவால் பிளந்து காட்டினாள். தேன்வதை மாதிரி அறை அறையாக இருந்தது, சில அறையில் மஞ்சள் தண்ணீர், சில அறையில் கறுத்த இரத்தம். சீலைக்கு வெளியே நின்ற காசிம் காக்காவும் உள்ளே வந்து குனிந்து பார்த்தார். இவ்வளவு சின்ன ஒன்றா இந்த மாட்டை இந்தப் பாடு படுத்தியது என்று தாடையில் கை வைத்தபடி கேட்டார்.

எனக்கும் முடிவு வந்தது. கருப்பைக்குள் கெட்டது தொடங்கியிருக்கிறது, வெளியே பரவவில்லை, எடுத்துவிட்டால் போதும் என்றார்கள். இன்னும் பிந்தியிருந்தால் கதை வேறு என்றும் சொன்னார்கள். உனக்குப் பித்தப்பையில் கல், சின்ன ஆப்ரேசன் என்று போனில் சொன்னது வாப்பாவின் ஏற்பாடு. நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாய் என்று பயந்தார். கல் இல்லை மகன், கருப்பைதான். இப்போது எனக்கு ஒன்றுமில்லை, சோதனைக்குப் போய் வருகிறேன், நல்லாக இருக்கிறேன். சிவலையின் உறுமல் சில கிழமைகளில் நின்றது. உறங்கிக் கிடந்த மற்றச் சூலகம் மெல்ல விழித்து, பல மாதம் போன பிறகு பசு மாதிரியே கத்தினாள். ஊசி பிடித்தது. நீ வந்திறங்கிய அன்று முற்றத்தில் உன் சப்பாத்தை நக்கியதே ஒரு நாகு கன்று, அது அவளுடையதுதான். கழுத்து மட்டும் இன்னும் கொஞ்சம் தடிப்பு.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், நீ ஒரு பெண்ணோடு வாழப் போகிறாய். அவள் தன் உடம்பில் ஏதோ சரியில்லை என்றால் உனக்குச் சொல்ல வெட்கப்படுவாள். அவளுடைய உம்மாவும் அப்படித்தான் பழக்கியிருப்பார், நானும் உன் தங்கச்சியை அப்படித்தான் பழக்கினேன். நீ கேள். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், அருவருக்காமல், வயிற்று வலியா என்று கேட்பது போலவே கேள். அவள் ஒன்றுமில்லை என்றால் இன்னொரு நாள் திரும்பக் கேள். அல்லாஹ் பிள்ளையைத் தரப் பிந்தினால், ஊர் முதலில் அவளைத்தான் பார்க்கும். நீ அவளை முன்னுக்கு விட்டுவிட்டுப் பின்னுக்கு நிற்காதே. டொக்டர் பிள்ளை ஒரு பட்டியில் மாடுகள் சினைப்படவில்லை என்று கூப்பிட்டால் பசுக்களைத் தொடுமுன் நாம்பனைத்தான் அவிழ்த்துவரச் சொல்வாளாம். பாதிக் குறை அங்கேதான் இருக்கும் என்பாள். இதை வாசிக்கும்போது உனக்குச் சிரிப்பு வரும், வரட்டும். ஆனால் ரெண்டு பேருமாகப் போங்கள். இசிம் கட்டுவதென்றால் அதையும் கட்டுங்கள், கட்டிக்கொண்டு டொக்டரிடம் போங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். என் ஆப்ரேசனுக்கு முழு மயக்கம் தரவில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கப் பண்ணினார்கள். முகத்துக்கு முன்னால் ஒரு பச்சைச் சீலை. சிவலையை மறைத்த சீலைதான் ஞாபகம் வந்தது. நான் டொக்டரிடம், "எடுத்த பிறகு எனக்கு ஒருக்காக் காட்டுவீங்களா?" என்று கேட்டேன். தாதிப் பிள்ளை என் முகத்துக்கு மேல் குனிந்து, "எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாங்க, நீங்க என்னம்மா?" என்றாள். ஆனாலும் கொண்டுவந்தாள். ஒரு சில்வர் கிண்ணத்தில், ஈரமாக, ஒரு கொய்யாப்பழ அளவில் இளஞ்சிவப்பாக இருந்தது. அவ்வளவுதான். நான் ஏதோ பெரிதாக எதிர்பார்த்திருந்தேன். "இதுக்குள்ளயா எங்கட புள்ளயள் இருந்த?" என்று கேட்டேன். "ஓம் அம்மா, இதுக்குள்ளதான்" என்றாள். நீ பிறக்கும்போது நல்ல பாரம், உன்னைத் தூக்கிய மருத்துவிச்சியே ஒரு முறை தடுமாறினாள். அந்தச் சின்னப் பழத்துக்குள் நீ எப்படி மடங்கிக் கிடந்தாய், எப்படி அது உன் அளவுக்கு விரிந்தது, பிறகு எப்படித் தன் அளவுக்குச் சுருங்கியது என்று கிடந்த கிடையிலேயே யோசித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவள் கொண்டுபோய்விட்டாள்.

வார்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்ததும் வாப்பா வந்தார். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நோகுதா, தண்ணி வேணுமா என்று எதையெதையோ கேட்டார். பக்கத்துக் கட்டிலில் ஆட்கள் இருந்தார்கள். நான் மெதுவாக, "புள்ளயள் இரிந்த இடத்தைப் பாத்தன்" என்றேன். எழும்பி வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கதிரையை இன்னும் கிட்ட இழுத்து, குனிந்து, "எப்பிடி இரிந்திச்சி புள்ள? சொல்லு" என்றார்.

உம்மா